பழுதை முதலில் அறிபவர் யார்?

வெள்ளவத்தையில் மரைன் டிரைவைப் பார்த்தபடி நிற்கும் தொடர்மாடிகளின் பின்பக்கச் சுவர்களை ஒருமுறை அண்ணாந்து பார்த்தால் போதும். ஏசிகளின் வெளிப்பெட்டிகள் வரிசையாகத் தொங்கும். பலவற்றின் அலுமினியத் தகடுகள் விரல் பட்டாலே பொடியாகிவிடும் நிலையில் இருக்கும். ரயில் பாதைக்கு அப்பால் கடல்; அதிலிருந்து வரும் உப்புக்காற்று ஆணியை, செப்புக் குழாயை, வயர் முனையை ஒன்றும் விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது. கொட்டாஞ்சேனையில் துறைமுகத் தூசி இதோடு சேர்ந்துகொள்கிறது. ஜம்பட்டா வீதியை ஒட்டிய பழைய வீடுகளில் எர்த் வயர் இழுக்காத பழங்கால வயரிங் இன்னும் இருக்கிறது. அதன்மேல்தான் புதிய இன்வேட்டர் பிரிட்ஜ் ஓடுகிறது. வீட்டுச் சாதனம் திருத்துபவருக்குக் கொழும்பில் வேலை குறையாமல் பார்த்துக்கொள்பவை இந்த உப்பும் தூசியும் வயரிங்கும்தான்.

செயற்கை நுண்ணறிவு இந்தத் தொழிலை என்ன செய்யும் என்ற கேள்வி இப்போது கடைகளுக்கும் வந்துவிட்டது. இரண்டு பதில்கள் உலவுகின்றன. ஸ்குரூ டிரைவர் பிடிக்கும் கையை எந்தக் கணினியும் அசைக்காது என்பது ஒன்று. இனி வாடிக்கையாளரே போனைக் கேட்டுத் திருத்திக்கொள்வார், கடையைப் பூட்டலாம் என்பது மற்றது. இரண்டும் கையில் வைத்திருக்கும் போனைப் பற்றியே பேசுகின்றன. இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று இரண்டுமே பார்க்கவில்லை. மாற்றம் அங்கேதான் வருகிறது, அதுவும் சத்தமில்லாமல். பிரிட்ஜ் பழுதானால் அதை முதலில் அறிவது யார்? வீட்டுக்காரரா, ஒழுங்கை முனையில் சாதனம் திருத்தும் பாஸா, கொரியாவில் இருக்கும் கம்பனியின் சேர்வரா? தொழிலின் எதிர்காலம் பெரும்பாலும் இந்த விடையைப் பொறுத்தது என்பது என் எண்ணம்.

அதற்குமுன் கொஞ்சம் பழைய கதை பார்க்க வேண்டும். இந்த ஊரில் திருத்தும் தொழில் தொழில்நுட்பத்தைவிட டொலருக்கே அதிகம் ஆடியிருக்கிறது.

1977க்கு முந்திய மூடிய பொருளாதாரத்தில் பிரிட்ஜ் இறக்குமதி எளிதல்ல. இருந்த பெட்டியைப் பத்து இருபது வருடம் ஓட்ட வேண்டும். இன்று நாடு முழுக்கக் காட்சியறை வைத்திருக்கும் ஏபன்ஸ் நிறுவனமே அந்தத் தட்டுப்பாட்டில் பிறந்ததுதான். 1968இல் ஏபன் பெஸ்டன்ஜி தொடங்கியது, நாடு திரும்பும் வெளிநாட்டுத் தூதரகக்காரர்கள் விட்டுப்போன பழைய சாதனங்களை வாங்கித் திருத்தி விற்கும் வேலை. ஒரு பெரிய விற்பனை நிறுவனத்தின் வேரில் ஒரு திருத்தும் பட்டறை இருந்திருக்கிறது. 1877இலேயே தையல் இயந்திரத்தோடு இந்தத் தீவுக்கு வந்த சிங்கர், பிற்காலத்தில் தவணைமுறையில் வீடுவீடாகப் பிரிட்ஜ் கொண்டுபோனது. அதன் துணைக் கம்பனியான ரெக்னிஸ் பிரிட்ஜை இங்கேயே செய்யவும் தொடங்கியது. (சிங்கரை ஆங்கிலத்தில் பின்னாலிருந்து வாசித்தால் ரெக்னிஸ், பெயர் வைத்தவர் நகைச்சுவையுள்ளவர்.)

1977இல் சந்தை திறந்தது. 1979இல் தொலைக்காட்சி வந்தது, 1982இல் ரூபவாஹினி. ரேடியோ திருத்தியவர்கள் ஒரே வருடத்தில் ரிவி திருத்துபவர்களானார்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் உதிரிப்பாகக் கடைகள் பெருகின. பிறகு தட்டைத் திரை வந்து அந்த ரிவிக்காரர்களில் பாதிப்பேரைத் தொழிலைவிட்டே அனுப்பியது. பிக்சர் டியூப் ரிவியில் திருத்த நூறு இடம் இருந்தது. தட்டைத் திரையில் பனல் போனால் ரிவியே போன மாதிரி, பனலின் விலை புது ரிவியின் விலையை நெருங்கிவிடும். அந்தத் தலைமுறையை வெளியேற்றியதில் நுண்ணறிவுக்குப் பங்கில்லை. மலிவும் வடிவமைப்பும் செய்த வேலை அது.

பிறகு நெருக்கடி. 2021 செப்டெம்பரில் மத்திய வங்கி 623 வகைப் பொருட்களை இறக்குமதி செய்ய நூறு சதவீதக் காசை முன்கூட்டியே வைப்பிடச் சொன்னது. பிரிட்ஜ், வோஷிங் மெஷின், ஏசி, ரிவி எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டார்கள். இருநூறு ரூபாவில் நின்ற டொலர் இரண்டே மாதத்தில் முந்நூற்று அறுபதைத் தொட்டது. பழுதான சாமானைக் கழித்துப்போடும் பழக்கத்தை வெள்ளவத்தை அந்த வருடம் அடியோடு விட்டது. மூலையில் கிடந்த மிக்சிகளும் மின்விசிறிகளும் கடைக்கு வந்தன; மோட்டருக்குக் காயில் சுற்றத் தெரிந்த பழைய ஆட்களைத் தேடிப் போனார்கள். அதே காலத்தில் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு. கரண்ட் திரும்பும் ஒவ்வொரு முறையும் வோல்ற்றேஜ் குதித்து இரண்டு போர்ட்டுகளை எரித்துவிட்டுப் போகும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே இருண்டபோது, பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு பட்டதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். எதிர்வுகூறும் மென்பொருளை எழுதுபவர்கள் இந்தக் குரங்கையும் கணக்கில் எடுக்கவேண்டி வரும்.

மின்கட்டணம் இன்னொரு பக்கமிருந்து தள்ளியது. 2022 ஓகஸ்டில் 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் என்று ஏறியதும் மின்சாரம் குறைவாகத் தின்னும் இன்வேட்டர் சாதனங்களுக்கு ஆட்கள் மாறினார்கள். கட்டணம் மிச்சம்தான். ஆனால் வீட்டுக்குள் வந்தது வேறு வகை இயந்திரம். இந்த வேறுபாட்டைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் நுண்ணறிவு பற்றிய பேச்சுக்கு இதுதான் வாசல்.

பழைய பிரிட்ஜின் கம்பிரசரில் மூன்று ஊசிகள் இருக்கும். மீற்றரை வைத்து ஒவ்வொரு சோடியாக அளந்தால் மூன்று எண்கள் வரும். பெரிய எண், மற்ற இரண்டையும் கூட்டிய தொகைக்குச் சமமாக இருந்தால் உள்ளே சுருள் நல்லது. ஓர் ஊசிக்கும் இரும்புக் கூட்டுக்கும் இடையில் மீற்றர் அசைந்தால் கம்பிரசர் போய்விட்டது. பத்தாம் வகுப்பு தாண்டாத பையனுக்கும் இதை ஒரு பின்னேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். கொழும்பில் எத்தனையோ பேரின் பிழைப்பு இந்த மூன்று எண்களில் தொடங்கியது. இன்வேட்டர் கம்பிரசரில் அந்தக் கணக்குச் செல்லாது. அங்கே மூன்று அளவும் ஒன்றாகவே இருக்கவேண்டும். அவை சரியாக இருந்தும் கம்பிரசர் ஓடாமல் நின்றால் குற்றம் போர்ட்டில் இருக்கலாம், வெப்பமானியில் இருக்கலாம், இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒரு வயரில் இருக்கலாம். முன்பு காது கேட்டதையும் கை தொட்டதையும் வைத்துச் சொன்ன பழுதை இப்போது திரையில் மினுங்கும் இரண்டெழுத்துக் குறியீடு சொல்கிறது.

இந்தக் குறியீட்டைத்தான் கம்பனிகள் நுண்ணறிவு என்ற பெயரில் வளர்த்துக்கொண்டு போகின்றன. முழுக்கப் புதிதென்று சொல்லமுடியாது. 1990இல் ஜப்பானின் மட்சுஷிதா உடுப்பின் அழுக்கைப் பார்த்துத் தானே நேரம் குறிக்கும் வோஷிங் மெஷினை விற்றபோது ‘ஃபஸி’ என்ற சொல் இன்றைய ‘ஏஐ’ ஸ்டிக்கர் இருக்கும் இடத்தில் இருந்தது. பிறகு எல்ஜி, போனை மெஷினுக்குக் கிட்டப் பிடித்தால் அது போடும் கீச்சுச் சத்தத்தைக் கேட்டுப் பழுதைச் சொல்லும் வசதியைக் கொண்டுவந்தது. இப்போது எல்ஜியும் சாம்சங்கும் சத்தத்தை விட்டுவிட்டு வைஃபை ஊடாகவே பேசவைக்கின்றன. மோட்டர் எத்தனை தரம் சுற்றியது, தண்ணீர் வர எத்தனை விநாடி எடுத்தது, கதவு எத்தனை தரம் திறந்தது என்பதெல்லாம் பதிவாகின்றன. ஓரிடத்தில் வழமைக்கு மாறாக ஏதாவது தெரிந்தால் வீட்டுக்காரரின் போனுக்குச் செய்தி வரும். அதன் கீழேயே கம்பனியின் சேவை நிலையத்துக்கு நேரம் எடுக்கும் பொத்தான் இருக்கும்.

அந்தப் பொத்தான்தான் விஷயம். பழுது என்று வீட்டுக்காரருக்குத் தெரியுமுன்பே கம்பனிக்குத் தெரிந்துவிடுகிறது. கொட்டாஞ்சேனைக் கடைக்காரர் அந்தப் பேச்சில் எங்குமே இல்லை.

ஆனால் குறியீட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. இயந்திரம் தன் உணர்கருவிகளுக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்லும். ஏசியின் உள்ளலகும் வெளியலகும் ஒன்றோடொன்று பேசவில்லை என்று ஒரு குறியீடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் போர்ட்டை மாற்றச் சொல்லும். கம்பனியும் போர்ட்டுக்கு விலை தரும். வெள்ளவத்தை ஆள் முதலில் ஸ்குரூவைக் கழற்றி வெளியலகின் வயர் முனையைப் பார்ப்பார். உப்பு ஏறிப் பச்சை பூத்திருக்கும். சுரண்டி, முனையை வெட்டி, புதுக் கிளிப் போட்டால் ஏசி பேசும். அல்லது போர்ட்டின் இரண்டு கால்களுக்கு நடுவில் ஒரு பல்லி கருகிக் கிடக்கும். கொழும்பில் ஏசி திருத்தும் யாரைக் கேட்டாலும் பல்லிக்கதை ஒன்றாவது வரும். எறும்பும் அப்படித்தான், ரிலேயின் சூடு அதற்குப் பிடித்திருக்கிறது. இவற்றைக் காணும் உணர்கருவியை எந்தக் கம்பனியும் வைத்ததில்லை.

மின்வெட்டுக்குப் பிறகு வரும் போர்ட்டுகளை எடுங்கள். போர்ட்டின் வாசலிலேயே ஒரு சிறு நீல வட்டு நிற்கும், வாரிஸ்டர். வோல்ற்றேஜ் எகிறும்போது அது தன்னைக் கொடுத்து, பியூஸை அறுத்து, பின்னால் இருக்கும் மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றுகிறது. பியூஸும் வாரிஸ்டரும் சேர்ந்து ஒரு பிளேன்ரீ, ஒரு வடைக் காசுக்குள் முடிந்துவிடும். முழுப் போர்ட் என்றால் பல ஆயிரம், சிலவேளை பல்லாயிரம். கம்பனியின் முறையில் போர்ட்டுக்குள் கைவைப்பது கிடையாது. போர்ட் என்பது ஒரே உதிரிப்பாகம். அதை உள்ளே திறந்து பார்ப்பது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் புறக்கோட்டையிலும் வளர்ந்த கலை. செயற்கை நுண்ணறிவு யாருடைய கையேட்டைப் படித்து வளர்ந்ததோ அவருடைய முறையைத்தான் ஒப்பிக்கும். கையேடு போர்ட்டை மாற்று என்றால் அதுவும் மாற்று என்றுதான் சொல்லும்.

உலக ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2013இல் ஒக்ஸ்ஃபோர்டின் ஃப்ரேயும் ஒஸ்போர்னும் 702 தொழில்களை ஆராய்ந்து, அமெரிக்க வேலைகளில் 47 வீதம் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். அந்தப் பட்டியலில் மிகப் பாதுகாப்பான இடங்களில் ஒன்று மெக்கானிக்குகளையும் திருத்துநர்களையும் மேற்பார்வை செய்பவருக்குக் கிடைத்தது. 2023இல் ஓபன்ஏஐயும் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து எழுதிய ஆய்வு, மொழி மாதிரிகள் தொடமுடியாத 34 தொழில்களைக் குறித்தது. மோட்டார் சைக்கிள் மெக்கானிக், டயர் மாற்றுபவர், மின்கம்பி இழுப்பவர் எல்லாம் அதில் இருக்கிறார்கள். ஆறுதலான செய்தி. ஆனாலும் இவை அமெரிக்கத் தொழில் விவரணங்களை வைத்துச் செய்த கணக்குகள். அங்கே திருத்துநர் என்பவர் சம்பளம் வாங்கும் ஆள். இங்கே அவரே கடை, அவரே உதிரிப்பாகம் தேடிப் புறக்கோட்டைக்குப் போகிறவர், கடன் சொல்லும் வாடிக்கையாளரோடு விலை பேசுகிறவரும் அவரே. வேலையின் எந்தத் துண்டு போகும், எந்தத் துண்டு நிற்கும் என்பதை அவரவர் தெருவில் நின்றுதான் பிரிக்கமுடியும்.

கொழும்புச் சின்னக் கடைகளில் பழுதைப் பார்த்துச் சொல்வதற்கென்று தனிக் காசு வாங்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. திருத்தினால்தான் காசு. “கொண்டுவாங்கோ, பாப்பம்” என்பார்கள். அந்தப் பார்வை இலவசம். வீட்டுக்கு வந்து பார்ப்பதற்கே கட்டணம் போடுவது கம்பனிச் சேவை நிலையம்தான். நுண்ணறிவு பழுதைக் கண்டுபிடிப்பதை இலவசமாக்கினால் வருமானம் குறைவது யாருக்கு? ஏற்கெனவே இலவசமாகப் பார்ப்பவருக்கு அதில் இழக்க ஒன்றுமில்லை. மாறாக, ஒருவேளை கொஞ்சம் நேரம் மிச்சமாகும். கடையைப் பூட்டலாம் என்று பயமுறுத்துபவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆனால் பேரம் மாறும். இனி இப்படி ஒரு பேச்சு ஒழுங்கைக் கடைகளில் சாதாரணமாகிவிடும்:

“தம்பி, இது காஸ் போகேல்லயாம். போர்ட்தானாம்.”

“ஆர் அன்ரி சொன்னது?”

“போன்ல கேட்டனான். படமும் எடுத்துப் போட்டனான்.”

“போன் பின்பக்கக் குழாயைத் தொட்டுப் பாத்ததோ?”

தம்பி கேட்பது வெறும் கிண்டலில்லை. கம்பிரசர் ஓடும்போது வெளிக்குழாய் நன்றாகச் சுடவேண்டும். இளஞ்சூடாக இருந்தால் காஸ் குறைந்திருக்கலாம், குழாய் அடைத்திருக்கலாம். இந்தச் சூடு படத்தில் வராது. அன்ரியைக் குறைசொல்லவும் முடியாது. ஒரு தரமாவது யாரோ ஒருவர் நல்ல கம்பிரசரை மாற்றச் சொல்லிக் காசு பறித்திருப்பார். இந்தத் தொழிலில் ஏமாற்று உண்டு. அதை மறைத்துப் பாஸ்மாரைப் புகழ எனக்கு விருப்பமில்லை. இரண்டாவது கருத்து ஒன்று கையில் இருப்பது வாடிக்கையாளருக்குப் பலம். நேர்மையான கடைக்கும் அது நல்லதுதான், சொன்ன பழுதுக்கு ஒரு சாட்சி கிடைக்கிறது.

பயப்படவேண்டிய இடம் வேறு. போனைக் கேட்டுத் தாமே திறக்கத் துணிபவர்கள். ரைஸ் குக்கரில் பியூஸ் மாற்றுவதற்கு, மின்விசிறிக்குக் கெபாசிற்றர் மாற்றுவதற்கு ஒன்றும் ஆகாது, பிளக்கைக் கழற்றினால் சரி. மைக்ரோவேவ் அப்படியில்லை. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் கெபாசிற்றர் ஈராயிரம் வோல்ற் அளவில் உயிரைக் குடிக்கும் மின்னேற்றத்தை வைத்துக்கொண்டிருக்கும். அதை இறக்கத் தெரியாதவர் மூடியைத் திறக்கவே கூடாது. பிரிட்ஜின் காஸ் விஷயமும் அப்படித்தான் மாறியிருக்கிறது. ஆர்-12 போய் ஆர்-134ஏ வந்தது, இப்போதைய பெட்டிகளில் ஆர்-600ஏ. பூமிச் சூட்டைப் பொறுத்தவரை நல்ல காஸ், அதனால்தான் வந்தது. ஆனால் அது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கும். ஒரு பெட்டிக்குள் நூறு கிராமைவிடக் குறைவாகவே இருக்கும், நிரப்புவது தராசில் நிறுத்து. பழைய பழக்கத்தில் காஸை இறக்காமல் ரோர்ச்சை வைத்தால் விபத்து. நன்றாகப் பயிற்றப்பட்ட நுண்ணறிவு செயலிகள் இதை எச்சரிக்கின்றன. ஆனால் ஆர்-134ஏ பெட்டிக்குரிய விளக்கத்தை 600ஏ பெட்டிக்கு அதே நம்பிக்கையோடு சொல்லிவிடவும் அவற்றால் முடியும். கேட்பவர் மாடல் எண்ணைத் தப்பாகச் சொன்னாலே போதும்.

இதே செயலி தொழில் தெரிந்தவர் கையில் வேறுமாதிரி வேலை செய்கிறது. சேர்விஸ் கையேடு ஆங்கிலத்தில், சிலவேளை சீனத்தில். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வேலை செய்பவர்கள் தமிழிலும் சிங்களத்திலும் தொழில் பழகியவர்கள். போர்ட்டின் படத்தை எடுத்து, இந்த எண் கொண்ட ரான்சிஸ்டருக்குப் பதில் எதைப் போடலாம், இந்தக் குறியீடு இந்த மாடலில் எதைக் குறிக்கிறது என்று தமிழிலேயே கேட்க முடிவது சின்ன விஷயமல்ல. பதினைந்து வருடமாக இதை யூடியூப் செய்துவந்தது. தமிழ்நாட்டு டெக்னீசியன்கள் போடும் வீடியோக்களைப் பார்த்து இன்வேட்டர் பழகியவர்கள் இங்கே இருக்கிறார்கள். செயலி பாதி தப்பாகச் சொன்னாலும் அவர் கையில் மீற்றர் இருக்கிறது, அளந்து பார்த்துத் தள்ளிவிடுவார். தப்பைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கே அது கருவி. தெரியாதவருக்கு அதே பதில் ஒரு கட்டளை.

இனி பூட்டு. புதிய இயந்திரங்களில் போர்ட்டை மாற்றினால் மட்டும் போதாது, அந்த மாடலுக்குரிய தரவை அதில் ஏற்றவேண்டும். அதை ஏற்றும் மென்பொருள் அங்கீகரிக்கப்பட்ட சேவை நிலையத்தில்தான் இருக்கும். இயந்திரம் புத்திசாலியாக ஆக இந்தப் பூட்டும் இறுகும். பாதுகாப்பு, தரம் என்று காரணம் சொல்வார்கள், சிலவேளை அது உண்மையாகவும் இருக்கும். முதலாம் குறுக்குத் தெருவில் பழைய போர்ட் ஒன்றை வாங்கி மாட்டிவிடும் வழி மெல்ல மெல்ல அடைபடுகிறது. ரிவிக்காரர்களை வெளியேற்றிய அதே வகை வடிவமைப்பு மாற்றம் இப்போது மென்பொருளின் உருவில் வந்திருக்கிறது.

ஐரோப்பா இதைச் சட்டத்தால் எதிர்கொள்ளப் பார்த்தது. 2021இலிருந்தே அங்கே வோஷிங் மெஷினுக்குப் பத்து வருடமும் பிரிட்ஜுக்குக் குறைந்தது ஏழு வருடமும் உதிரிப்பாகம் கொடுக்கவேண்டும். 2024இல் நிறைவேறிய திருத்துதல் பற்றிய நெறிமுறை, தகுந்த காரணமில்லாமல் வன்பொருளாலோ மென்பொருளாலோ திருத்துவதைத் தடுக்கக் கூடாது என்கிறது. உறுப்பு நாடுகள் அதை நடைமுறைப்படுத்தவேண்டிய நாள் 2026 ஜூலை 31. இந்தியா 2022 டிசெம்பரில் திருத்தும் உரிமைக்கென ஓர் இணையத்தளம் தொடங்கியது. இலங்கையின் நுகர்வோர் அதிகாரசபைச் சட்டம் 2003இல் எழுதப்பட்டது. அப்போது வோஷிங் மெஷின் யாரோடும் பேசுவதில்லை. 2022இன் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆளைப் பற்றிய தரவைப் பார்க்கிறது. என் பிரிட்ஜின் பழுதுப் பதிவை என் ஒழுங்கைக் கடைக்காரருக்குத் திறந்துகாட்ட எனக்கு உரிமை இருக்கவேண்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கையா? காசு கொடுத்து வாங்கிய பெட்டி, என் வீட்டுக் கரண்டில் ஓடுகிறது. பெரிய இறக்குமதியாளர்கள் கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கும் சிறு நாடு இது. அவர்களை ஒரு மேசையில் இருத்திக் கேட்பது பிரஸ்ஸல்ஸைவிட இங்கே எளிது என்றே நினைக்கிறேன்.

செயலி வழியாக வேலை பிரித்துக்கொடுக்கும் முறை பற்றியும் ஒரு வார்த்தை. 2015இல் வந்த பிக்மீ கொழும்பு முச்சக்கர வண்டிக்காரரின் சந்தி நிறுத்தத்தை எப்படி மாற்றியதென்று எல்லாருக்கும் தெரியும். இந்தியாவில் அர்பன் கம்பனி ஏசி, வோஷிங் மெஷின் திருத்துவதையும் அதே வழிக்குக் கொண்டுபோனது: எந்த வேலை யாருக்கு, என்ன விலை, எத்தனை நட்சத்திரம் குறைந்தால் வேலை நிற்கும் என்பதெல்லாம் கணினியின் கணக்கு. கொழும்பில் இன்னும் வாய்ப்பேச்சுத்தான் ஆள் பிடித்துத் தருகிறது. இராமகிருஷ்ண வீதி அன்ரி சொன்னால் அந்த மாடி முழுக்க அதே ஆள். தொடர்மாடிகள் பெருகி, பக்கத்து வீட்டைத் தெரியாதவர்கள் குடிவரும்போது அந்தச் சங்கிலி அறும். செயலி அந்த இடத்தில் வந்து உட்காரும். அதுவும் நுண்ணறிவுதான், பழுது பார்க்காமலே காசு பார்க்கும் வகை.

ஆட்பற்றாக்குறையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. 2022இல் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்காக நாட்டைவிட்டுப் போனார்கள். ஏசி தெரிந்தவருக்கு வளைகுடாவில் எப்போதும் இடமுண்டு. இங்கே வேலையைப் பறிக்க யாராவது வருவதற்குமுன், வேலை செய்தவர்கள் தோகாவுக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள். மிஞ்சிய கடைகளில் வயதானவர் ஒருவரும், ஓரிரு பையன்களும். அந்தப் பையன்கள் பழகுவது எதில்? ரைஸ் குக்கர் பியூஸில், மின்விசிறிக் கெபாசிற்றரில், அயர்ன் வயரில். மூன்று மாதம் இதைச் செய்த பிறகுதான் பிரிட்ஜில் கைவைக்க விடுவார்கள். வீட்டுக்காரர் போனைக் கேட்டுத் தானே செய்துகொள்ளப்போவதும் இதே சின்ன வேலைகளைத்தான். கடைக்கு இதனால் வரும் நட்டம் சில்லறை. பையனுக்கு முதல் படியே இல்லாமல் போகிறது. மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரியிலும், மொறட்டுவை ஜெர்மன் தொழிற்பயிற்சி நிலையத்திலும், நைட்டாவின் பயிலுநர் திட்டத்திலும் என்விகியூ சான்றிதழுடன் குளிரூட்டல் படிக்கலாம், நல்ல படிப்பு. ஆனால் கொட்டாஞ்சேனையில் பள்ளியைப் பாதியில் விட்ட பையன் அந்த வாசலுக்குப் போவதில்லை. அவனுடைய கல்லூரி மாமாவின் கடைதான்.

மாமாவின் தலையில் இருப்பது எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. எந்த மாடல் கம்பிரசர் மரைன் டிரைவில் எத்தனை வருடம் தாங்கும், எந்த போர்ட் மின்வெட்டுக்குப் பிறகு முதலில் போகும், எந்த ஏசியின் வெளிப்பெட்டிக்குள் பல்லி புகும் ஓட்டை எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அவர் முப்பது வருடமாகக் கண்டது. சிலர் கொப்பியில் குறித்துவைத்திருப்பார்கள்: திகதி, மாடல், செய்த வேலை, வாங்கிய காசு. அப்படி ஐம்பது கடைகளின் கொப்பிகளைச் சேர்த்தால் கொரியக் கம்பனியிடமே இல்லாத ஓர் அறிவு கிடைக்கும். உப்புக்காற்றும் வோல்ற்றேஜ் குதிப்பும் உள்ள கரையோர நகரங்கள் எல்லாவற்றுக்கும் அது பயன்படும். தமிழிலும் சிங்களத்திலும் அதை வைத்து ஒரு செயலியைப் பழக்குவது இன்று பல்கலைக்கழக மாணவர்களால் முடிகிற வேலை.

ஆனால் அவர் ஏன் கொடுக்கவேண்டும்? அவரிடம் இருக்கும் முதல் அதுமட்டும்தான். பக்கத்துக் கடைக்காரருக்கே சொல்லாததை ஒரு செயலிக்குச் சொல்லிவிட்டால் நாளைக்கு அது அந்த அன்ரியின் போனில் இலவசமாக இருக்கும். சங்கமாகச் சேர்ந்து கொடுத்து, பயன்படுத்துபவரிடம் கட்டணம் வாங்கலாம். உதிரிப்பாகம் விற்கும் புறக்கோட்டைக்காரர்கள் அதை வாங்கிக்கொண்டு விலையில் தள்ளிக் கொடுக்கலாம். இந்த ஏற்பாடுகளைப் பேசக்கூடிய ஓர் அமைப்பு கொழும்பின் சின்னக் கடைகளுக்கு முதலில் வேண்டும். முச்சக்கர வண்டிக்காரர்களுக்குச் சங்கங்கள் இருந்தும் பிக்மீ வந்தபோது விலையை அவர்களால் நிர்ணயிக்க முடியவில்லை. திருத்துநர்களோ ஒருவரையொருவர் போட்டிக்காரராக மட்டுமே அறிந்தவர்கள்.